என் ஜன்னல் உடைந்ததைச் சொல்லி வலையைக் கழற்றாதீர்கள்

எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பி பிளாக் லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் பிப்ரவரி முதல் வாரத்தில் நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கை, "குடியிருப்பாளர் ஒருவர் அளித்த புகாரின்பேரில்" என்று தொடங்குகிறது. அந்தக் குடியிருப்பாளர் நான்தான். பந்து பட்டு உடைந்தது என் சமையலறை ஜன்னல். புகார்க் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து. ஆனால் அந்த முதல் வரிக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் எதையும் நான் கேட்கவில்லை. வளாகத்துக்குள் கிரிக்கெட் ஆடக் கூடாது என்றோ, பின்புறம் உள்ள பயிற்சி வலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆறு கார்கள் நிறுத்த மாத வாடகைக்கு விடலாம் என்றோ நான் எங்கும் சொல்லவில்லை. வலையைச் சரியாகக் கட்டுங்கள் என்ற ஒரே வேண்டுகோளைத்தான் இரண்டு பக்கங்களில், அளவுகளோடும் ஒரு வரைபடத்தோடும் கொடுத்தேன். அதில் முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கோப்பில் போட்டு மூடிவிட்டு, என்னைக் கேட்காமலேயே என்னைச் சாட்சியாக்கி இருபது முப்பது பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்தியிருக்கிறீர்கள். குழுவுக்கு மட்டும் எழுதிய கடிதத்துக்கு நேர்ந்த கதி இது என்பதால், இந்த முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்தது சிறிய விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. பொங்கல் விடுமுறையின் கடைசி நாள், மாலை ஐந்து மணி இருக்கும். மறுநாள் மாவுக்காக ஊறவைத்த அரிசி, ஜன்னலுக்குக் கீழே மேடைமேல் அகலப் பாத்திரத்தில் இருந்தது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த பந்து எதிர்ச் சுவரில் மோதிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து சுழன்றது. கண்ணாடித் தூள் அரிசித் தண்ணீரில் மினுங்கியபடியே அடியில் போய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் எது அரிசி, எது கண்ணாடி என்று தெரியவில்லை. அத்தனையையும் ஒரு பழைய துணியில் கொட்டி முடிந்து குப்பைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடம் முன்பு வரை அதே ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டுதான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு, மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். பந்தைக் கேட்கவில்லை. "பாட்டி, உங்களுக்கு எங்கயாவது பட்டுடுச்சா?" என்றுதான் கேட்டான். (பெரிய பையன்கள் கீழேயே நின்றுகொண்டார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.) தொட்டியில் கிடந்த பந்து, தையல் போட்ட தோல் பந்து. வலைக்குள் டென்னிஸ் பந்து மட்டும்தான் என்பது விதி. அதைப் பிள்ளைகள் மீறியிருந்தார்கள். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு; தோல் பந்தோ 155.9 கிராமிலிருந்து 163 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே பிள்ளைகள் மேல் தவறே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. எந்தப் பந்தாக இருந்தாலும் வலைக்குள் அடித்த பந்து வலைக்கு வெளியே, அதுவும் முதல் மாடிக்கு வந்தது எப்படி என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியைக் குழுவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பொதுப்பணித் துறையில் வரைவாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். 2023 கோடை விடுமுறையில் இந்த வலையைக் கட்டியவர்கள், நம் பால்கனிகளுக்குப் புறா வலை கட்டித் தரும் ஆட்கள். அவர்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள்தான். என் பால்கனியில் அவர்கள் கட்டிய வலைக்குள் இன்றுவரை ஒரு புறா நுழைந்ததில்லை. ஆனால் புறாவைத் தடுப்பதும் பந்தைத் தடுப்பதும் ஒன்றல்ல. தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழையை, முரசுத் தோல் போல விறைப்பாக இழுத்து, கேபிள் டை போட்டுக் குழாய்களில் கட்டிவிட்டுப் போனார்கள். சென்னை வெயிலில் அந்தக் கேபிள் டைகள் ஓராண்டிலேயே பொடிந்து உதிரத் தொடங்கின. குழாய்களின் உயரம் எட்டு அடி. என் சமையலறை ஜன்னலின் அடிப்பகுதி தரையிலிருந்து பன்னிரண்டரை அடி. வலைக்கு மேலே கூரை கிடையாது. எட்டு அடி வலைக்குள் நின்று தூக்கி அடிக்கும் பந்து பன்னிரண்டரை அடியில் உள்ள ஜன்னலுக்கு வராமல் வேறு எங்கே போகும்? என் வீட்டு வெளிச் சுவரில் மட்டும் பந்துத் தடங்களை எண்ணினேன், இருபத்தேழு இருந்தன. பலவற்றின்மேல் தூசி படிந்திருந்தது. உடைந்த அன்று வந்தது இருபத்தெட்டாவது பந்து, அவ்வளவுதான்.

குழாய்களை ஓரடி ஆழத்தில் நட்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரண்டு குழாய்கள் மதில் சுவர்ப் பக்கம் சாய்ந்தன. அவற்றை நிமிர்த்தச் சொல்லி அடுத்த மாதமே பராமரிப்புப் பதிவேட்டில் எழுதினேன். பக்கத்தைப் புரட்டினால் இப்போதும் இருக்கும். வலையின் அடிவிளிம்பு தரையைத் தொடாமல் முக்கால் அடி தூக்கிக்கொண்டு நிற்பதால் பந்து அடியில் நழுவிக் கார்களுக்குக் கீழே ஓடுகிறது. அதை எடுக்கப் பிள்ளைகள் குப்புறப் படுத்து ஊர்கிறார்கள். கீழே பேவர் பிளாக் தரை. இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இணைப்பில் விழும் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று வீசியவருக்கும் தெரியாது, ஆடுபவருக்கும் தெரியாது. சென்ற ஆண்டு ஒரு நாள் அணில் ஒன்று அந்த நரம்பு வலையில் கழுத்து மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது; காவலாளியும் நானும் கத்தரிக்கோலால் இழை இழையாக அறுத்து விட்டோம்.

சரியான பயிற்சி வலை எப்படி இருக்கும் என்பது ரகசியம் இல்லை. ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், நமக்குப் பழகிய கணக்கில் 66 அடி. அகலம் 10 அடி. பி பிளாக்குக்கும் மதில் சுவருக்கும் நடுவே உள்ள இடம் 84 அடி நீளம், 19 அடி அகலம். மட்டை முனைக்குப் பின்னால் ஆறடி விட்டாலும் நீளம் போதும். பந்து வீசுபவர் ஓடிவரும் முனை திறந்தே இருக்கலாம். பன்னிரண்டு அடி அகலத்துக்கு வலைக்கூடு அமைத்தால், கட்டடப் பக்கம் நான்கு அடியும் மதில் பக்கம் மூன்றடியும் மிஞ்சும். அந்த இடைவெளி அவசியம், ஏனென்றால் நல்ல வலை விறைப்பாக இருக்காது. பந்தை வாங்கிக்கொண்டு பின்னுக்குப் போய், அதன் வேகத்தைத் தின்றுவிட்டுத் தரையில் போட வேண்டும். விறைத்து நிற்கும் வலை பந்தைத் திருப்பி அடிக்கும். டென்னிஸ் பந்து, தோல் பந்து இரண்டின் குறுக்களவும் ஆறரை சென்டிமீட்டருக்குக் குறையாது என்பதால், ஐந்து சென்டிமீட்டர் கண்ணியுள்ள வலை இரண்டையும் பிடிக்கும். இழை மட்டும் வெயில் தாங்கும்படி தயாரித்த, தடிமனான, முறுக்கிய நூலாக இருக்க வேண்டும். பறவைக்கும் அணிலுக்கும் அது கண்ணில் படும். பன்னிரண்டு அடி உயரத்தில் இரும்புக் கம்பி வடம் இழுத்து, அதில் வளையங்கள் கோத்து வலையைத் தொங்கவிட்டால், ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வரும்போது திரைச்சீலை போல ஒதுக்கிக் கட்டிவிடலாம். காற்றும் குழாயைச் சாய்க்காது. கூரைக்கும் அதே வலை. மட்டை முனையிலிருந்து பாதித் தூரத்துக்காவது சமமான காங்கிரீட் தளம், அதன்மேல் ஒரு விரிப்பு. இவ்வளவுதான்.

இதில் செலவே இல்லாத ஒரு திருத்தமும் இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அந்த ஆறாம் வகுப்புப் பையன். இப்போது மட்டை முனை தெற்கே இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் வடக்கே பார்த்து நின்று, எழும்பி வரும் பந்தைக் குறுக்காக இழுத்து அடிக்கும் 'புல் ஷாட்' ஆடினால், பந்து அவருக்கு இடப்பக்கம், அதாவது எங்கள் கட்டடத்தை நோக்கித்தான் வரும். முனையை வடக்கே மாற்றினால் அதே அடி மதில் சுவர்ப் பக்கம் போகும்; சுவருக்கு அப்பால் சீமைக் கருவேலம் மண்டிய காலி மனை. மூன்று ஆண்டுகளாக ஒரு முனையை மாற்றி வைத்திருந்தாலே என் சுவரில் விழுந்த தடங்களில் பெரும்பாலானவை விழுந்திருக்காது. (எங்கள் பிளாக்கில் இடக்கையால் ஆடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்காகத்தான் கூரை வலை.)

"யாருக்காவது அடிபட்டால் சட்டப்படி சங்கம்தான் பொறுப்பாகும்" என்று சுற்றறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பாகும்தான். அதனால்தான் பாதுகாப்பாகக் கட்டச் சொல்கிறேன். இங்கிலாந்தின் இரண்டு பழைய வழக்குகளைச் சொல்கிறேன். அவை நம் ஊர் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நிதானமாக யோசிப்பது எப்படி என்று காட்டும். மான்செஸ்டரில் 1947-இல் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே சாலையில் நின்ற பெண்மணி ஒருவர்மேல் பந்து விழுந்தது. வழக்கு 1951-இல், அப்போது அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. முப்பது ஆண்டுகளில் ஆறு முறை போலத்தான் பந்து அந்த வேலியைத் தாண்டியிருக்கிறது என்பதால், மைதானத்தை நடத்திய கிரிக்கெட் கழகம் கவனக் குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. இங்கே மூன்றே ஆண்டுகளில் ஒரே வீட்டுச் சுவரில் இருபத்தேழு. நம் சங்கத்துக்கு அந்தத் தீர்ப்பின் நிழல்கூடக் கிடைக்காது. இன்னொன்று 1977-ஆம் ஆண்டின் மில்லர் எதிர் ஜாக்சன் வழக்கு. டர்ஹாம் பகுதியில் லின்ட்ஸ் என்ற சிற்றூரில் சுமார் எழுபது ஆண்டுகளாக ஆடிவந்த மைதானத்தின் ஓரத்தில் புதிதாக வீடுகள் வந்தன; பந்து தோட்டத்தில் விழுகிறது, ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. அவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆட்டத்தை நிறுத்தும் தடையாணையைத் தர மறுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவள் நான், நானே தடை கேட்காதபோது, நீங்கள் எனக்காக ஒரு தடையாணை பிறப்பித்திருக்கிறீர்கள்.

பாதுகாப்பில் உங்களுக்கு இருக்கும் அச்சம் எனக்கும் உண்டு. 2025 அக்டோபரில் மெல்போர்ன் நகரில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் ஆட்டத்துக்கு முன் வலைப் பயிற்சியில் இருந்தபோது கழுத்தில் பந்து பட்டு இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பால்கனியிலிருந்து நம் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. ஆகவே நம் வலைக்குள் டென்னிஸ் பந்து மட்டும்தான் என்ற விதி நீடிக்க வேண்டும், அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தவும் வேண்டும். தோல் பந்தில் பழக விரும்பும் பிள்ளைகள் பயிற்சியாளரும் ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் உள்ள இடத்துக்குப் போகட்டும்.

வலையைப் பூட்டிய பிறகு பிள்ளைகள் விளையாடாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மாலை ஐந்து மணிக்கு நம் நுழைவாயிலுக்கு வெளியே, இணைப்புச் சாலையில் வந்து பாருங்கள். கோடை நெருங்கிவிட்டதால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் அந்தச் சாலையில் வரிசையாக வருகின்றன. அவற்றிலிருந்து சிந்தும் தண்ணீரில் சாலை எப்போதும் வழுக்கலாக இருக்கிறது. லாரி வரும்போதெல்லாம் ஒரு பிள்ளை "வண்டி, வண்டி" என்று கத்துகிறது; ஸ்டம்புக்குப் பதிலாக வைத்த செங்கல்லை இன்னொரு பிள்ளை தூக்கிக்கொண்டு ஓரம் போகிறது. சென்ற வாரம் பந்தைத் துரத்தி ஓடிய ஒருவன் இருசக்கர வண்டியில் மோதி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். இது நம் மதிலுக்கு வெளியே நடப்பதால் சங்கம் பொறுப்பாகாது. சுற்றறிக்கையின் நோக்கம் அதுவாக இருக்காது என்று நம்ப விரும்புகிறேன்.

சாலைக்கு அனுப்பப்படாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற இரவு, நம் வளாகத்திலும் பட்டாசு வெடித்தது. பொருளாளர் இனிப்பு வழங்கினார், எனக்கும் ஒரு லட்டு கிடைத்தது. அடுத்த வாரம் ஐந்து பெண் பிள்ளைகள் முதல்முறையாக வலைக்கு வந்தார்கள். அவர்களில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, மணிக்கட்டால் பந்தைச் சுழற்றி வீசும் லெக் ஸ்பின் போடுகிறாள். அது திரும்புவதைப் பால்கனியில் இருந்தே பார்க்கலாம். வலையைப் பூட்டிய பிறகு பையன்கள் தெருவுக்குப் போனார்கள். இந்தப் பெண்களை எந்த வீட்டிலும் தெருவுக்கு அனுப்பவில்லை. லெக் ஸ்பின் போடும் அந்தப் பெண் இப்போது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கில் பதினான்காம் எண் தூணை ஸ்டம்பாக வைத்துக்கொண்டு தனியாகப் பந்து போடுகிறாள். காவலாளி விசில் ஊதும்போது பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறிப் போகிறாள். உங்கள் தடை எல்லாருக்கும் ஒன்றுபோல எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் சுமை எல்லார்மேலும் ஒன்றுபோல விழவில்லை.

சத்தம் பற்றிய புகார்கள் நியாயமானவை. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். மதியம் கண்ணயரும் வயதில் நானும் இருக்கிறேன். அதற்கு வழி நேரம் வகுப்பது. ஜஸ்பிரித் பும்ரா சிறுவயதில் அகமதாபாத் வீட்டுக்குள் பந்து வீசியபோது, சத்தம் வராமல் ஆடினால் ஆடலாம் என்று அவருடைய அம்மா நிபந்தனை போட்டார். தரையும் சுவரும் சேரும் விளிம்பில் பந்து விழுந்தால் சத்தம் குறைவு என்று கண்டுகொண்ட பையன் அதையே குறிபார்த்து வீசினார். ஆடுபவரின் காலடியில் விழும் யார்க்கர் பந்து அங்கே பழகியது என்று பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். நம் வளாகத்திலிருந்து ஒரு பும்ரா வருவார் என்று நான் கதை கட்டவில்லை. தூக்கம் கெடும் ஒரு தாய்க்கு நிபந்தனை என்ற ஒரு வழி தோன்றியது. பதினொரு பேர் கொண்ட குழுவுக்குத் தடை தவிர வேறு எதுவும் தோன்றவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

கார் நிறுத்துமிடம் பற்றியும் பேசியாக வேண்டும். அந்தப் பின்புற இடம் எல்லாருடைய பத்திரத்திலும் பிரிக்கப்படாத பாகமாக எழுதப்பட்ட பொது நிலம். வலை அமைக்கும் முடிவைப் பொதுக்குழு எடுத்தது. அதை நீக்கும் முடிவைக் குழு தன்னிச்சையாக எடுத்திருக்கிறது. ஆறு பேரிடம் வரும் மாத வாடகை சங்கத்துக்கு உதவும் என்கிறீர்கள். நான் இரண்டு இடங்களில் விலை கேட்டு வாங்கிய மதிப்பீடுகளின்படி, மேலே சொன்ன வலையை முழுமையாக அமைக்க ஆகும் தொகை, சென்ற ஆண்டு நுழைவாயிலில் எழுப்பிய கிரானைட் வளைவுக்கு ஆனதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வளைவு அழகாகத்தான் இருக்கிறது.

இனி நான் கேட்பவை. பின்புற இடத்தைக் கார் நிறுத்த விடும் முடிவை உடனே நிறுத்திவைத்து, அதைப் பொதுக்குழுவின் முன் வையுங்கள். அந்தக் கூட்டத்தில் வாடகைக் குடியிருப்பாளர்களுக்கும் பேச இடம் கொடுங்கள். வலையில் ஆடும் பிள்ளைகளில் பாதிப் பேர் வாடகை வீட்டுப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோருக்கு வாக்கு இல்லை. முழுஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்குவதற்குள், என் வரைபடத்தில் உள்ள அளவுகளின்படி கூரையோடு கூடிய வலையை, விளையாட்டு வலை அமைத்துப் பழக்கம் உள்ளவர்களைக் கொண்டு கட்டுங்கள். மட்டை முனையை வடக்கே மாற்றுங்கள். ஆண்டுக்கு இரு முறை, மழைக்கு முன்னும் பின்னும், வலையையும் கம்பி வடத்தையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுங்கள். வேலையை மேற்பார்வை பார்க்க நான் தயார், ஊதியம் வேண்டாம். பள்ளி நாட்களில் மாலை நாலரை முதல் ஏழு வரை, விடுமுறை நாட்களில் காலை ஏழு முதல் பத்து வரை, மாலையில் நாலரை முதல் ஏழு வரை என்று நேரம் வகுத்து, வாரத்தில் இரண்டு மாலைகளைப் பெண் பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் பெரிய பையன்கள் மட்டையைக் கையை விட்டுத் தர மாட்டார்கள் என்பது மூன்று ஆண்டுகள் மேலிருந்து பார்த்தவளின் அனுபவம்.

கண்ணாடி மாற்ற எனக்கு ஆன செலவு 850 ரூபாய். அந்தப் பையனின் அப்பாவிடம் நீங்கள் வசூலித்த அபராதம் 5,000 ரூபாய். அதை முழுவதுமாக அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடிச் செலவைச் சங்கம் கொடுக்கட்டும், ஏனென்றால் பந்தைத் தடுக்காத வலை சங்கத்துடையது.

இவற்றுக்குப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். ஒன்றுக்கு மட்டும் பதினைந்து நாள் தேவைப்படாது. அறிவிப்புப் பலகையில் இருக்கும் அந்த முதல் வரியை நாளைக் காலைக்குள் எடுத்துவிடுங்கள். தினமும் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் தளம், பின்பக்க வீட்டில் குடியிருப்பவள்